பாதை நின்ற துறையடி

மட்டக்களப்பு மத்திய கல்லூரிப் பழைய மாணவர் சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று லண்டனில் இருக்கும் வகுப்புத் தோழன் போன மாதம் தொலைபேசியில் கேட்டான். "மாலைதீவுல படிப்பிச்ச கதையை எழுது மச்சான், ஆக்கள் விரும்பி வாசிப்பாங்கள்" என்றான். 15 வருடம் அங்கே ஆங்கிலம் படிப்பித்திருக்கிறேன், சொல்ல எவ்வளவோ உண்டு. ஆனாலும் எழுத உட்கார்ந்தால் திரும்பி வந்த கதைதான் முன்னுக்கு வந்து நிற்கிறது. நம்மோடு படித்தவர்களில் பலருக்கு ஓய்வுபெறும் வயது நெருங்குகிறது. "ஊரோட வந்து இருந்தா என்னடா?" என்று என்னிடம் கேட்டவர்களே நாலைந்து பேர். அவர்களுக்குத் தொலைபேசியில் ஒழுங்காகப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இதைப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

2018 மார்கழியில் வந்தேன். மூன்றாம் நாள் காலை தம்பியின் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆரையம்பதியிலிருந்து மண்முனைத் துறைக்குப் போனேன். 1990களில் எனக்குக் கிடைத்த முதல் நியமனம் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கும் அப்பால் ஒரு சிறிய பாடசாலைக்கு. விடியப் புறப்பட்டு வந்து துறையில் பாதைக்குக் காத்து நிற்போம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளும் இதை வாசிக்கக் கூடும், அவர்களுக்காகச் சொல்கிறேன்: பாதை என்று நாங்கள் சொல்வது வாவியைக் கடக்கிற மிதவையை. தயிர்ச் சட்டி, நெல்மூட்டை, மோட்டார் சைக்கிள், கன்றுக்குட்டி எல்லாவற்றோடும் ஆசிரியர்களும் அதில் ஏறுவோம். மறுகரை போய்ச் சேருவதற்குள் அன்றைய பாடத்தை மனதுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பேன். யுத்தக் காலம் அது. பின்னேரம் வீடு திரும்புவோமா என்பது நிச்சயமில்லாத நாட்கள். அப்படியிருந்தும் தண்ணீரில் போகிற அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு மிகவும் பிடித்த நேரம்.

இப்போது துறையில் பாதை இல்லை. 2014இல் திறந்த பாலம் நேராக மறுகரைக்குப் போகிறது. நான் வெளியில் இருந்த காலத்தில்தான் கல்லடியிலும் 1928ஆம் ஆண்டுப் பழைய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில், 2013இல், புதுப் பாலம் வந்தது. விடுமுறையில் வரும்போது இரண்டையும் வான் ஜன்னலால் பார்த்திருக்கிறேன். விடுமுறையில் வருகிறவனுக்கு ஊர் மாறியது உறைக்காது, மூன்று கிழமையில் அவன் போய்விடுவான். இனி இங்கேதான் என்று வந்து, துறையடியில் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றபோதுதான் உறைத்தது. பாலம் வந்தது பெரிய புண்ணியம். பிரசவ வலியோடு பாதைக்குக் காத்திருந்த பெண்ணை இந்தக் கரையில் என் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் அந்தக் காலையில், நான் ஏற வேண்டிய பாதை என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது போல நெஞ்சு அடைத்தது.

கல்லடிப் பாலம் என்றால் உங்கள் எல்லோருக்கும் நம் மத்திய கல்லூரி நாட்கள் ஞாபகம் வரும். பழைய பாலத்தில் ஒரு பக்க வாகனங்கள் வந்து முடியும்வரை மறுபக்கம் நிற்க வேண்டும். எங்கள் பஸ் கல்லடிப் பக்கம் நின்றுகொண்டிருக்க, புளியந்தீவில் கல்லூரி மணி அடித்துவிடும். பிந்தி வந்த எங்களை ஆங்கில ஆசிரியர் தண்டிக்கமாட்டார். "பாலத்தடியில நிக்கக்குள்ள என்ன கண்டாய்? இங்கிலீசில சொல்லு" என்பார். தோணி கண்டேன், கொக்குக் கண்டேன், வலை வீசுகிறவரைக் கண்டேன் என்று தட்டுத்தடுமாறிச் சொல்வோம். அவர் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர். வீட்டில் போர்த்துக்கேய மொழி, சந்தையில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம். "பிழையாச் சொன்னாலும் பரவாயில்ல, கண்டதைச் சொல்லு" என்பதுதான் அவருடைய இலக்கணம். 1814இல் நம் கல்லூரியைத் தொடக்கிய வில்லியம் ஓல்ட் பாதிரியாரைப் பற்றியும் அவர் சொல்லித்தான் ஊன்றிக் கேட்டேன். வரும் வழியில் கப்பலிலேயே மனைவியைப் பறிகொடுத்தவர், இங்கே வந்து ஒரு வருடம் நிரம்புவதற்குள், 1815இல், இந்த ஊரிலேயே கண்ணை மூடினார். வாவிக்கரையில் நிற்கும் அவர் சிலையை இப்போது கடக்கும்போதெல்லாம், திரும்பிப் போகவே கிடைக்காமல் போன அந்த ஆசிரியரை நினைக்கிறேன்.

நான் போனது 2003இல். இரண்டு தங்கச்சிமார். பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம், அப்பாவின் கையில் ஒன்றுமில்லை. அரச வேலையை விட்டேன். மாலைதீவின் தெற்குப் பக்கம் ஒரு சிறிய தீவு, சுற்றி நடக்க 40 நிமிடம் போதும். அங்கே பாடசாலையில் கணக்கு, விஞ்ஞானம் எல்லாமே ஆங்கிலத்தில்தான், சோதனை கேம்பிரிட்ஜ் சோதனை. மொழியும் எனக்கு ஒரு அதிசயமாக இருந்தது. எங்கள் பிள்ளைகள் 'ஃபிஷ்' என்பதைப் 'பிஷ்' என்றுதான் தொடங்குவார்கள். மாலைதீவாரின் திவேகி மொழியிலோ பழைய 'ப' எல்லாம் 'ஃப' ஆகிவிட்டது, ஐந்துக்கு 'ஃபஸ்', தண்ணீருக்கு 'ஃபென்'. அந்த ஒலியை அந்தத் தீவுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய தேவையே வரவில்லை. படகுக்கு அவர்கள் சொல்வது 'தோனி'. முதல் நாள் அதைக் கேட்டபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நல்ல பிள்ளைகள், மரியாதையான பெற்றோர். அப்பா இறந்தபோது தீவிலிருந்து மாலேக்குப் போய், விமானம் பிடித்து, காடாற்றுக்குத்தான் வந்து சேர முடிந்தது. தங்கச்சிமாரின் இரண்டு வீடும் எழும்பின. எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை.

சரி, வந்த பிறகு என்ன ஆனது?

முதலில் நாட்களே குழம்பின. அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை. இங்கே வந்து மாதக்கணக்காக ஞாயிறு விடிந்தால் எழுந்து சேர்ட்டை எடுத்து அயன் பண்ணத் தொடங்கிவிடுவேன். சந்தையில் மீதிக் காசை வாங்கும்போது வாயில் 'சுக்குரியா' என்று வந்துவிடும். அதைவிட வலித்தது வீடு. சின்னத் தங்கச்சியின் வீட்டு முன்னறையில் அம்மாவும் நானும் இருக்கிறோம். அது நான் கட்டிய வீடு, ஆனால் எந்தச் சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று எனக்குத் தெரியாது. புட்டும் மீன்குழம்பும் எனக்கு முதலில் பரிமாறுவார்கள், தட்டை நான் கழுவ விடமாட்டார்கள். மருமக்கள் என்னைக் கண்டால் டிவியின் சத்தத்தைக் குறைப்பார்கள். ஒருநாள் அம்மா என் தலையைத் தடவிக்கொண்டு, "நீ இன்னும் விருந்துக்கு வந்த பிள்ளை மாதிரித்தான் மனே இரிக்காய்" என்றா. அன்றிரவு நித்திரை இல்லை.

வேலை? அரச நியமனத்துக்கு வயது கடந்துவிட்டது. விட்டுவிட்டுப் போன சேவைக்கு ஓய்வூதியமும் கிடையாது. நகரத்தில் ஒரு தனியார் பாடசாலையில் நேர்முகத்துக்குப் போனேன். நான் பயிற்றப்பட்ட ஆசிரியன், பட்டதாரி இல்லை. 15 வருடத்துக் கடிதங்களையும் சான்றுகளையும் மேசையில் பரப்பினேன். அவற்றை அவர்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை. தந்த சம்பளத்தில் பஸ் காசு போனால் மிச்சம் சொற்பம், ஆறு மாதத்தில் விட்டுவிட்டேன். கொண்டுவந்த பணத்தை ரூபாயாக்கி நிலையான வைப்பில் போட்டிருந்தேன். அப்போது ஒரு டொலர் 180 ரூபாய் அளவில் இருந்தது. 2022இல் அது 360 அளவுக்கு ஏறியபோது, தீவில் கழிந்த என் வருடங்களில் பாதியை யாரோ எடுத்துக்கொண்டு போனது போல இருந்தது. வரப் போகிறவர்கள் கோபிக்க வேண்டாம், இதை மறைக்காமல் சொல்வது என் கடமை: காசை எப்படி, எந்த நாணயத்தில் வைத்திருப்பது என்று வருவதற்கு முன்பே விசாரியுங்கள். அனுபவத்தை ஊர் கேட்டு வாங்கும் என்று எதிர்பார்த்து வராதீர்கள்.

அப்புறம் 2019 கார்த்திகையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருக்கும் பெரியம்மாவின் மகள், "தம்பி, இஞ்ச பிள்ளையளுக்கு இங்கிலீசு சொல்லிக் குடுக்க ஆளில்ல, சனிக்கிழமையில வாவன்" என்று கூப்பிட்டா. அக்காவின் வீட்டு விறாந்தையில் பாய் விரித்து 11 பிள்ளைகள் இருந்தார்கள். மாலைதீவிலிருந்து காவிக்கொண்டு வந்த பயிற்சித் தாள்களைப் பிரதி எடுத்துப் போயிருந்தேன். விமான நிலையத்தில் உரையாடல், கடற்கரை விடுதியில் உரையாடல், பவளப்பாறை பற்றி ஒரு பந்தி. இலக்கணம் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது, வெற்றிடங்களைச் சரியாகவே நிரப்பினார்கள். வாயைத் திற என்றால் ஒருவரும் திறக்கவில்லை. மூன்று சனிக்கிழமை அப்படியே போனது. மூன்றாவது சனிக்கிழமை எட்டுப் பேர்தான் வந்தார்கள்.

நான்காம் கிழமை மழை. ஒரு பிள்ளை பிந்தி வந்தாள், முழங்கால்வரை சேறு. என்னையறியாமல் என் வாயில் பழைய கேள்வி வந்தது: வரும் வழியில் என்ன கண்டாய், ஆங்கிலத்தில் சொல். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "சேர், வாட்டர் கோ. ஐ குளோஸ்" என்றாள். எதை மூடினாய் என்று கேட்டேன். "வக்கடை" என்றாள். வரம்பில் தண்ணீர் போக விடுகிற வாய் அது. நண்டு துளைத்து வரம்பு கரைந்து, விதைத்த வயலிலிருந்து தண்ணீர் ஓடியிருக்கிறது. தகப்பன் இல்லாத நேரம் அவளே மண் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டு வகுப்புக்கு வந்திருக்கிறாள்.

வக்கடைக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது? எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அதுவரை பேசாதிருந்தவர்கள் எல்லோரும் ஒரேயடியாக வாய் திறந்தார்கள். ஒருவன் 'டோர்' என்றான், இன்னொருவன் கதவு இல்லை, 'மௌத்' என்றான். வயல்வெளியை வட்டை என்கிறோமே, அதற்கு என்ன, அரிந்து வைத்த கதிர்ப் பிடியான உப்பட்டிக்கு என்ன, சூடு மிதிக்கிற களத்தில் நெல்லை நெல் என்று சொல்லாமல் 'பொலி' என்கிறோமே, அதை வெள்ளைக்காரனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று கேட்டார்கள். யானை வந்த இரவைப் பற்றி ஒரு பையன் பத்து வசனம் சொன்னான், ஒன்பது பிழை, ஆனால் யானை எங்கள் முன்னால் வந்து நின்றது. நான் படிப்பித்த தீவில் நெல்வயல் கிடையாது. சோறு எங்கிருந்து வருகிறது என்று அந்தப் பிள்ளைகளுக்குக் காட்ட 15 வருடம் கரும்பலகையில் கதிர் கீறியிருக்கிறேன். இங்கே கதிரோடு வாழும் பிள்ளைகளுக்கு நான் பவளப்பாறையைக் கொண்டுவந்திருந்தேன்.

அதற்குப் பிறகு தாள்களைக் கொண்டுபோகவில்லை. அடுத்த கிழமை அவர்கள் என்னை வயலுக்குக் கூட்டிப்போய் வக்கடை கட்டக் காட்டித் தந்தார்கள், ஆங்கிலத்தில். மண்ணை எங்கே வைப்பது, எப்படி மிதிப்பது என்று ஒவ்வொருவராகச் சொல்ல, நான் செய்தேன். 48 வயதில் புதிதாக ஒரு வேலை படித்தேன். சேற்றோடு வீட்டுக்கு வந்த என்னைப் பார்த்துத் தங்கச்சி, "அண்ணா, கிணத்தடியில கால் கழுவிட்டு உள்ள வாங்க, நிலத்தை இப்பத்தான் துடைச்சன்" என்று சத்தம் போட்டாள். வந்து ஒரு வருடத்தில் அவள் என்னை ஏசியது அதுதான் முதல் தடவை. எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று அவளுக்குத் தெரியாது.

கொரோனா காலத்தில் வகுப்பு நின்றது. 2022இல் எண்ணெய் இல்லாமல் பஸ் குறைந்த மாதங்களில் சைக்கிளில் மண்முனைப் பாலத்தைக் கடந்து போனேன். நடுப்பாலத்தில் இறங்கி நின்று கொஞ்சம் மூச்சு வாங்கும்போது, பழைய மாதிரியே அன்றைய பாடத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். இப்போது 30க்கு மேல் பிள்ளைகள், விறாந்தை போதாமல் மாமரத்தடிக்கும் பாய் போடுகிறோம். கட்டணம் வாங்குவதில்லை. கிழமை நாட்களில் ஆரையம்பதியில் ரியூசன் கொடுக்கிறேன், சாப்பாட்டுக்கு அது போதும்.

சங்கம் கணினியும் திரையும் வாங்கித் தரட்டுமா என்று தோழன் கேட்டான். அன்புக்கு நன்றி. ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு இல்லாதது கேட்பதற்கு ஆள். என்னைத் தவிர வேறொருவரிடம் அவர்கள் ஆங்கிலம் பேசிப் பார்த்ததில்லை. நீங்கள் ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலுக்கோ கொக்கட்டிச்சோலைக் கோயில் தேருக்கோ வருகிறீர்கள். வரும்போது ஒரு சனிக்கிழமையை எங்களுக்காக ஒதுக்குங்கள். காலை 9 மணிக்குத் தொடங்குவோம். உங்கள் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், அவர்களுக்குத் தமிழ் சரளமாக வராவிட்டால் இன்னும் நல்லது. முந்தின நாள் மட்டும் சொல்லிவிடுங்கள். எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் அக்காவுக்கு உலை வைக்க வசதி.