பூ உதிர்வை எண்ணிய ஷெல்ட்ரேக்

துவரையின் பூ உதிர்வைப் பற்றி எழுத உட்காரும் யாரும் 1979இல் வெளிவந்த ஒரு கட்டுரையைத் தாண்டிப் போக முடியாது. செடியில் வரும் பூக்களைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் விளைச்சல் எவ்வளவு குறையும் என்பது அதன் கேள்வி. எழுதியவர்கள் ஷெல்ட்ரேக், நாராயணன், வெங்கடரத்னம். ஐதராபாத்தை அடுத்த பட்டஞ்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிறுவனத்தில் நடந்த வேலை. பயறுவகைப் பிரிவில் பயிர் வினையியல் உதவியாளனாக நான் சேர்ந்த புதிதில், மேலதிகாரி என் கையில் கொடுத்த கட்டுரைகளில் அதுவும் ஒன்று.

அந்த வேலையைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். துவரைப் பூ மஞ்சள். சில ரகங்களில் மேலிதழின் முதுகில் சிவப்புக் கோடுகள் ஓடும். தேர்ந்தெடுத்த கிளைகளில் வண்ண நூலைக் கட்டிவிட்டு, எத்தனை பூ விரிந்தது, எத்தனை காம்போடு விழுந்தது, எத்தனை பிஞ்சாக நின்றது என்று நாள்தோறும் குறிக்க வேண்டும். காற்றடித்தால் பக்கத்துச் செடியின் பூவும் நம் செடியின் அடியில் வந்து கிடக்கும். அதனால் தரையில் கிடப்பதை நம்பக் கூடாது. காம்பு விழுந்த தழும்பைக் கிளையிலேயே தேடி எண்ண வேண்டும். பண்ணையில் வேலை செய்த பெண்களுக்கு இதில் என்னைவிடக் கூர்மையான கண். அவர்களில் மூத்தவரான ஓர் அம்மாள், "விழுந்த பூவை எண்ணி என்ன ஆகப்போகிறது சார்? நிற்கிற காயை எண்ணுங்கள்" என்பார்.

கேள்வி நியாயமானது. ஆனால் விஷயம் விழுந்த பூவில்தான் இருக்கிறது. துவரையில் நூறு பூ பூத்தால் எண்பது, தொண்ணூறு உதிர்ந்துவிடும். இதைக் குறைபாடாகவே பார்ப்பது நம் வழக்கம். உதிர்வைத் தடுக்க வளர்ச்சி ஊக்கி தெளிக்கச் சொல்கிறோம். ஷெல்ட்ரேக் குழுவினர் கண்டது வேறு. முன்னால் வரும் பூக்களை அகற்றிவிட்டால், வழக்கமாக உதிர்ந்துபோகக்கூடிய பின்பூக்களைச் செடி காயாக்கி ஈடுகட்டிக்கொள்கிறது. உதிரும் பூ வீண் அல்ல, கையிருப்பு. முதல் ஈட்டைக் காய்த்துளைப்பான் தின்றுவிட்டாலும் செடிக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. துவரை அடிப்படையில் பல்லாண்டுச் செடி. அதை ஓராண்டுப் பயிராக வெட்டிச் சாய்ப்பது நாம்தான். செடியின் பக்கத்தில் நின்று யோசிக்கத் தெரிந்த ஒருவரின் வேலை இது என்று அப்போதே தோன்றியது.

ஒருநாள் மதிய உணவின்போது மூத்த விஞ்ஞானி ஒருவர் கேட்டார்: "அந்த ஷெல்ட்ரேக் யார் தெரியுமா? எஜமான் வீட்டுக்குக் கிளம்பும்போதே நாய்க்குத் தெரிந்துவிடும் என்கிறாரே, அவர்தான்." பெயர் ஒற்றுமை என்று நினைத்தேன். இல்லை, ஒரே ஆள்தான்.

ரூபர்ட் ஷெல்ட்ரேக் 1942இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியல், ஹார்வர்டில் அறிவியல் வரலாறும் தத்துவமும், மறுபடி கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம், அங்கேயே கிளேர் கல்லூரியில் ஆய்வாளர் பதவி. 1974இல் இக்ரிசாட்டுக்கு வந்தார். சில ஆண்டுகள் கழித்து முழுநேர வேலையை விட்டுவிட்டு, குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையோரம் இருக்கும் சாந்திவனத்தில் ஒன்றரை ஆண்டு தங்கினார். பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவி காவி உடுத்தி நடத்திவந்த கிறித்தவ ஆசிரமம் அது. அங்கே எழுதிய 'எ நியூ சயின்ஸ் ஆஃப் லைஃப்' என்ற புத்தகம் 1981இல் வெளிவந்தது. அந்தச் செப்டம்பரிலேயே நேச்சர் இதழின் ஆசிரியர் ஜான் மேடக்ஸ், 'எரிக்க வேண்டிய புத்தகமா?' என்று தலைப்பிட்டுத் தலையங்கம் எழுதினார். எரிக்கச் சொல்லவில்லை, ஆனால் தலைப்பே வேலையை முடித்துவிட்டது. 1994இல் பிபிசி நிகழ்ச்சி ஒன்றில், கலீலியோவைப் போப் கண்டித்த அதே மொழியில் ஷெல்ட்ரேக்கையும் கண்டிக்கலாம் என்றார் மேடக்ஸ். அறிவியல் இதழின் ஆசிரியர் ஒருவர் தாமாகவே போய் போப்பின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

புத்தகம் சொன்னது இதுதான். இயற்கையின் விதிகள் என்றென்றைக்கும் எழுதிவைக்கப்பட்டவை அல்ல. திரும்பத் திரும்ப நடந்து படிந்துபோன பழக்கங்கள். ஒரு துவரை விதை முளைத்துத் துவரையாக உருவெடுப்பதற்கு மரபணு மட்டும் போதாது. இதுவரை வாழ்ந்த துவரைச் செடிகள் அனைத்தின் நினைவும், இடமும் காலமும் கடந்து, அதன்மேல் ஒருவித அதிர்வாக இறங்குகிறது. இதற்கு அவர் வைத்த பெயர் மார்ஃபிக் ரெசொனன்ஸ், அதாவது வடிவ ஒத்ததிர்வு. இதை ஏற்றால் பரிணாமத்தின் கதையும் மாறிவிடும். தற்செயலான மரபணு மாற்றமும் இயற்கைத் தேர்வும் மட்டும் போதாது. ஒரு தலைமுறை கற்ற பழக்கம் அடுத்த தலைமுறைக்கு மட்டுமல்ல, ரத்த உறவே இல்லாத அதே இனத்து உயிர்களுக்கும் எளிதாகிவிடும். உயிர்களை இணைக்கும் புலம் ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டால், தொலைவிலிருந்து மனம் மனத்தை அறிவது என்ற இடத்துக்கு ஓரடிதான். அந்த அடியையும் அவர் எடுத்து வைத்தார். இந்த வழியில் போன முதல் ஆளும் அவர் இல்லை. டார்வினோடு சேர்ந்து 1858இல் இயற்கைத் தேர்வை உலகுக்குச் சொன்ன வாலஸ், பிற்பாடு ஆவிகளோடு பேசும் கூட்டங்களில் உட்கார்ந்தவர். மனித மனத்தை இயற்கைத் தேர்வு மட்டும் உண்டாக்கியிருக்க முடியாது என்றும் எழுதியவர்.

எங்கள் துறைக்காரர்கள் ஷெல்ட்ரேக்கை நாயிலிருந்தே தொடங்கிப் பேசுகிறார்கள். எனக்கு அவருடைய கதையில் உறுத்துவது ஆக்சின் பகுதிதான். இந்தியாவுக்கு வருமுன் கேம்பிரிட்ஜில் அவரும் ரூபெரி என்ற சக ஆய்வாளரும் சேர்ந்து, ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி செடிக்குள் எப்படி ஒரே திசையில் பயணிக்கிறது என்பதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். ஆக்சின் ஒரு பலவீனமான அமிலம். செல்லுக்கு வெளியே சுவர்ப் பகுதியில் அமிலத்தன்மை அதிகம். அங்கே ஆக்சின் மின்னேற்றம் இல்லாமல் இருப்பதால் சவ்வைத் தாண்டி உள்ளே வந்துவிடும். உள்ளே அமிலத்தன்மை குறைவு. மின்னேற்றம் பெற்றுச் சிக்கிக்கொள்ளும். வெளியேற வேண்டுமானால் அதற்கென்று உள்ள கடத்திப் புரதம் வழியாகத்தான் போக முடியும். அந்தக் கடத்திகள் செல்லின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் ஓட்டம் அந்தப் பக்கமாகத்தானே இருக்கும்? 1974இல் வந்த இந்த விளக்கம் இன்றும் பாடநூலில் இருக்கிறது. பரிணாமத்தையும் நாயையும் பற்றி அவர் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கும் அதே பேராசிரியர்கள், பெயரைச் சொல்லியோ சொல்லாமலோ இதை வகுப்பில் நடத்துகிறார்கள்.

அவர் அந்த ஆராய்ச்சியை விட்டதற்குச் சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும். எல்லாச் செடியிலும் ஆக்சின் ஒன்றே, அது நகரும் விதமும் ஒன்றே. அப்படியிருக்க ஓர் இலை ரோஜா இலையாகவும் இன்னொன்று பனையோலையாகவும் ஆவது ஏன்? ரசாயனத்தில் விடை கிடைக்காது என்று முடிவு கட்டி, வடிவப் புலங்களைத் தேடிப் போனார். அவர் போன பிறகு நடந்தது என்ன? கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில், பூவே இல்லாமல் குண்டூசிபோல் மொட்டைத் தண்டாக நிற்கும் ஒரு திரிபு கிடைத்தது. அதற்குக் காரணமான மரபணுவை 1998இல் கண்டுபிடித்தார்கள். அது அவரும் ரூபெரியும் எதிர்பார்த்த அந்த வெளியேற்றக் கடத்தியோடு தொடர்புடையது. செல்லின் ஒரு பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தது. அந்தக் கடத்திகள் எந்தப் பக்கம் திரும்பி நிற்கின்றன என்பதைப் பொறுத்தே ஆக்சின் ஓரிடத்தில் குவிகிறது; குவிந்த இடத்தில் இலையோ பூவோ கிளம்புகிறது. பொருள் ஒன்றேதான், அது ஓடும் வாய்க்கால்தான் வேறு. முழு விடை இன்னும் வரவில்லை. ஆனால் விடை வந்த திசை அவர் கைவிட்டுப்போன திசை. தாம் வெட்டிய கிணற்றில் தண்ணீர் வருமுன் ஊரைவிட்டுப் போனவர் அவர். அவருடைய எதிரிகள் யாரும் அவருக்கு இதைவிடப் பெரிய மறுப்பைச் சொன்னதில்லை.

பழக்கம் பரவும் என்பதற்கு அவர் காட்டிய சான்றுகளில் எனக்குச் சுவையானது எலிகள். 1920களில் ஹார்வர்டில் தொடங்கி, மெக்டூகல் என்ற உளவியலாளர், தண்ணீர்த் தொட்டியில் விட்ட எலிகள் எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று கற்றுக்கொள்வதை முப்பது தலைமுறைக்கு மேல் பார்த்தார். வெளிச்சமான வழியில் போனால் மின்னதிர்ச்சி. மங்கலான வழி பத்திரம். தலைமுறை செல்லச்செல்லப் பிழைகள் குறைந்தன. கற்றது பிள்ளைகளுக்கு இறங்குகிறது என்றார் அவர். மெல்போர்னில் ஏகார் குழுவினர் அதையே இருபது ஆண்டுகள் செய்து 1954இல் முடிவை வெளியிட்டார்கள். அங்கேயும் எலிகள் தேறின. ஆனால் பயிற்சியே பெறாத பெற்றோரின் வழிவந்த ஒப்பீட்டு எலிகளும் சேர்ந்தே தேறின. கதை இத்தோடு முடிந்தது என்றுதான் எந்த வயல் சோதனைக்காரனும் சொல்வான். ஷெல்ட்ரேக் தலைகீழாகப் படித்தார்: பயிற்சி பெறாதவையும் தேறின என்றால் அதுவே ஒத்ததிர்வுக்குச் சான்று!

இங்கேதான் எனக்கும் அவருக்கும் சண்டை. ஒப்பீட்டு ரகம் இல்லாமல் எங்கள் தொழிலே இல்லை. புது வளர்ப்புகளோடு, அதாவது இன்னும் ரகமாக வெளியிடப்படாத புதுச் செடி வரிசைகளோடு, ஒரு பழைய ரகத்தையும் விதைத்து, அதை வைத்தே மற்றவற்றை அளக்கிறோம். ஒப்பீடு அசைந்தால் மண், மழை, நோய் எதையோ தேடுவோம். ஒப்பீடு அசைவதையே கொள்கைக்குச் சான்றாக்கிவிட்டால் அந்தக் கொள்கையை எந்தச் சோதனையால் வீழ்த்துவது? நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் ஷெல்ட்ரேக் பக்தர். "துவரையின் பழக்கம் பல்லாயிரம் ஆண்டுப் பழக்கம், ஐயா. அதில் கூடுதலாக என்ன ஏறப்போகிறது? புது வடிவத்தில் பாருங்கள்" என்றார். சரி, புதியதையே பார்ப்போம். ஒரு புது வளர்ப்பு முதலாண்டுச் சோதனையில் தலைநிமிர்ந்து நிற்கும். அடுத்தடுத்த ஆண்டுகளில் பெரும்பாலும் சராசரியை நோக்கி இறங்கும். முதலாண்டில் அது தேர்வானதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் கலந்திருந்தது என்பதுதான் காரணம். பயிர்ப்பெருக்கத்தில் இருப்பவர்களுக்கு இது அன்றாடம். பழகப் பழக எளிதாகும் என்ற கொள்கை சரியென்றால் அது ஏறியல்லவா இருக்க வேண்டும்? நண்பர் சிரித்தார்; விட்டுக்கொடுக்கவில்லை.

இதையெல்லாம் சொல்லும்போது எங்கள் அலுவலகத்தையும் மறைக்கக் கூடாது. ஆயுத பூஜையன்று மையவிலக்குக் கருவிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். அது அழகான வழக்கம், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அஷ்டமி, நவமியில் விதைப்பைத் தொடங்க மாட்டேன் என்ற அதிகாரி ஒருவர், பதிவேட்டில் 'மண் ஈரம் போதவில்லை' என்று எழுதச் சொல்வார். ஈரம் இருந்தது. நம்பிக்கை வயலில் நின்றது, பதிவேட்டுக்கு வரவில்லை. ஷெல்ட்ரேக் இந்தியச் சகாக்களிடம் தம் கருத்தைச் சொன்னபோது, இதெல்லாம் நம் ரிஷிகளுக்கு எப்போதோ தெரியும் என்ற பதில்தான் கிடைத்ததாம். லண்டனில் எரிக்கலாமா என்று கேட்டார்கள். இங்கே பழைய சரக்கு என்றார்கள். சோதித்துப் பார்க்கலாம் என்று இரண்டு பக்கத்திலும் அவசரப்படவில்லை. தாம் நம்பியதைப் பதிவேட்டில் எழுதி, வந்து அளந்து பாருங்கள் என்று அழைத்தவர் என்ற அளவில், அந்த அதிகாரியைவிட ஷெல்ட்ரேக் எனக்கு எவ்வளவோ மேல்.

அளந்தும் பார்த்தார்கள். இங்கிலாந்தில் ஜேட்டீ என்ற நாய், எஜமானி வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் வாசலோரம் போய்க் காத்திருக்கும் என்றார்கள். ரிச்சர்ட் வைஸ்மேன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நான்கு முறை சோதித்தார்கள். வெளிப்படையான காரணமில்லாமல் நாய் முதன்முதலாக வாசலுக்குப் போகும் நேரமும் எஜமானி கிளம்பும் நேரமும் ஒத்துப்போகிறதா என்பது அவர்கள் முன்கூட்டியே வைத்துக்கொண்ட அளவுகோல். ஒத்துப்போகவில்லை என்று 1998இல் எழுதினார்கள். ஷெல்ட்ரேக் விடவில்லை: முதல் தடவையைப் பார்க்காதீர்கள், மொத்தத்தில் வாசலில் இருந்த நேரத்தைப் பாருங்கள், உங்கள் பதிவுகளிலேயே, எஜமானி திரும்பி வரும்போது அது கூடியிருக்கிறது என்றார். வெளியே போனவர் வர வர நேரமாகும்போது நாய் அடிக்கடி எழுந்துபோய்ப் பார்க்கத்தானே செய்யும் என்பது மறுதரப்பு. அந்தச் சந்தேகத்துக்கும், எஜமானி திரும்பாத மாலைகளையும் பதிவு செய்திருக்கிறேன் என்று ஷெல்ட்ரேக் பதில் வைத்திருந்தார்.

இரண்டு அளவுகோல்களில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. எனக்குத் தெரிந்த தொழில் வேறு. ஒரே இடத்தில், ஒரே பருவத்தில் அள்ளிக் கொடுத்த துவரையை எந்த ரக வெளியீட்டுக் குழுவிடமும் கொண்டுபோக முடியாது. பல இடம், பல பருவம், வேறு கைகள் விதைத்து வேறு கைகள் அறுத்த கணக்கு எங்கே என்று கேட்பார்கள். பூ உதிர்வுக் கட்டுரையை வேறு கைகளும் விதைத்துப் பார்த்தன, என் கை அதில் ஒன்று, அது நின்றது. இவ்வளவு பெரிய கொள்கைக்குத் தூக்கிப்பிடிக்கும் சான்றுகளில் அந்த ஒரு வீட்டு நாய் இன்றும் முன்வரிசையில் நிற்கிறது. துவரைக்குக் கேட்கும் கணக்கை அதற்கும் கேட்பேன்.