ராமன் அல்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் சின்னக் கிராணியாக, அதாவது இளநிலைக் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூட ஆங்கிலம். ஆபீசில் ஓடியதோ இரண்டெழுத்து, மூன்றெழுத்து ஆங்கிலம். எஃப்.எஃப்.பி. என்றால் பழக்குலை. சி.பி.ஓ. என்றால் ஆலையில் பிழிந்த கச்சா எண்ணெய். ஓ.டி. (மிகைநேர வேலை), எம்.சி. (மருத்துவ விடுப்பு) இரண்டையும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஏ பி சி எழுதத் தெரியாத பாட்டிகூட லயத்து வாசலில் உட்கார்ந்துகொண்டு "இன்னிக்கு எம்.சி." என்பார்.

பழைய பைல்கள்தான் பாடாய்ப் படுத்தின. துரைமார் காலத்துக் கடிதங்களில் "12 இன்ஸ்ட்.", "28 அல்ட்." என்று தேதி இருக்கும். அல்ட். என்றால் கடைசிக் கடிதம் என்று நானாக நினைத்து ஒரு காலைப்பொழுது முழுக்கத் தூசியில் துழாவினேன். பெரிய கிராணி சிரித்தார். "அது லத்தீன்ப்பா. இன்ஸ்ட்.னா இந்த மாசம், அல்ட்.னா போன மாசம், ப்ராக்ஸ்.னா வர்ற மாசம். எழுதுன தொரைக்கே பாதி வெளங்கியிருக்காது."

ஏ/எல் இன்னும் மோசம். லீவு புத்தகத்தில் அது ஆண்டு விடுப்பு. செக்ரோலில், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில், மலாய் மொழி அனாக் லெலாக்கி, அதாவது மகன். முன்பு எஸ்/ஓ என்று ஆங்கிலத்தில் இருந்தது. பெண்களுக்கு ஏ/பி. கணினி வந்த வருஷம் பெயர்களை ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது. கட்டம் சாய்கோட்டை ஏற்கவில்லை. கோட்டை விட்டுவிட்டு இரண்டு எழுத்தையும் சேர்த்து அடித்தேன். யாருக்கு என்ன நஷ்டம்?

55 வயதாகி இ.பி.எஃப். (சேமநிதி) பணம் எடுக்கப் போன பெரியவர் படிவத்தோடு திரும்பி வந்தார். நாங்கள் கொடுத்த தாளில் இருந்த பெயரும் அடையாள அட்டைப் பெயரும் ஒத்துப்போகவில்லை. கவுண்டரில் இருந்தவர் பார்த்ததை அப்படியே வாசித்திருக்கிறார்: "ராமன் அல்". (பெயரை மாற்றியிருக்கிறேன். 'அல்' மட்டும் நிஜம்.)

"நான் ராமன் இல்லேன்னு நீயே எழுதிக் குடுத்துட்டியே தம்பி" என்றார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்.

உடனே திருத்தக் கடிதம் அடித்தேன். மேனேஜர் வெளியே போயிருந்தார். அவருக்காகப் பெரிய கிராணி கையெழுத்துப் போடவேண்டும். ஆங்கிலக் கடிதமென்றால் பெர் புரோகுராசியோனெம், மலாய்க் கடிதமென்றால் பாகி பீஹாக். இரண்டுக்கும் 'அவர் சார்பில்' என்றுதான் பொருள், சுருக்கத்தைத் தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே பி.பி.

பெரியவர் கழுத்தை நீட்டித் தாளைப் பார்த்தார்.

"அது என்ன, என் பிரஷரா?"

விவரம் சொன்னேன்.

"அதையும் முழுசா எழுதிரு தம்பி. மறுபடியும் பஸ் ஏற முடியாது."

புதுத் தாள் செருகினேன்.