கட்-ஆஃபை எவ்வளவு உயர்த்தலாம்? என் சிட்டி விடெக் அனுபவம்

என்னிடம் இருக்கும் பழைய ஹோண்டா சிட்டி 1.5 விடெக்கை டியூன் செய்யப் போகிறேன் என்றதும் நண்பர்கள் பலரும் சொன்னது ஒன்றுதான்: "கட்-ஆஃபை 8,000-க்கு ஏத்திடு, பவர் தானா வரும்." இன்ஜின் ஓர் அளவுக்கு மேல் சுற்றாமல் ஈசியு (இன்ஜினின் கணினி) தடுக்கும் எல்லைதான் கட்-ஆஃப்; 8,000 என்பது ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு இத்தனை சுற்று. அந்த இன்ஜின் மீது எனக்குப் பாசம் அதிகம். அதனால் முதலில் கம்ப்ரஷன் பார்த்து, டைமிங் பெல்ட்டை மாற்றி, வண்டியை அப்படியே டைனோவில் (சக்கரத்துக்கு வரும் பவரை அளக்கும் கருவி) ஏற்றச் சொன்னேன்.

சக்கரத்தில் 88 குதிரைத்திறன் வந்தது, 6,700 ஆர்பிஎம்மில். 7,200-ஐத் தொட்டபோது அது 82-ஆக இறங்கிவிட்டது. டார்க்கை (இன்ஜினின் சுழற்று விசை) ஆர்பிஎம்மால் பெருக்கினால் வருவதுதான் பவர். சுற்று கூடுவதைவிட வேகமாக டார்க் சரிந்தால், மேலே போகப் போக இழப்புதான். கேமும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இன்டேக்கும் (காற்று உள்ளே வரும் பாதை) பழையபடி இருக்கும்போது 8,000 வரை விட்டால் சத்தம் மட்டும்தான் கூடும்.

ஆபத்தோ நிச்சயம் கூடும். என் வண்டியின் டி15பி இன்ஜினில் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், 84.5 மி.மீ. 7,000-இல் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 19.7 மீட்டர், 8,000-இல் 22.5. பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் பிஸ்டனைப் பிடித்து இழுக்கும் கனெக்டிங் ராட் மீதான இழுவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது, அதாவது கிட்டத்தட்ட 30 சதவீதம் அதிகம். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் உச்சியில் பிஸ்டனை மேலிருந்து அழுத்த எரிப்பின் அழுத்தம் கிடையாது. முழுச் சுமையையும் ராட் போல்ட்கள்தான் தாங்க வேண்டும்.

"ஹோண்டாவோட ஸ்போர்ட்ஸ் கார் எஸ்2000 மட்டும் 9,000 போகுதே?" என்று கேட்பார்கள். அதன் ஸ்ட்ரோக்கும் 84 மி.மீ.தான், பிஸ்டன் வேகம் 25 மீட்டரைத் தாண்டும். ஆனால் 1999-இல் வந்த அந்த இன்ஜினை ஃபோர்ஜ்டு (அழுத்தி வார்க்காமல் அடித்து உருவாக்கிய, வலுவான) பிஸ்டன் போட்டு, அந்தச் சுற்றுக்கென்றே கட்டினார்கள். என் இன்ஜினின் அடிப்பாகம் அப்படிப்பட்டது அல்ல.

என் டியூனர் அண்ணன் பொறுமைசாலி. "லிமிட்டைக் கடைசியில முடிவு பண்ணலாம், முதல்ல மூச்சு விட வைப்போம்" என்றார். கொஞ்சம் கூடுதல் லிஃப்ட் உள்ள (வால்வை அதிகமாகத் திறக்கும்) கேம், அதற்கேற்ற வால்வு ஸ்பிரிங், அதைப் பிடித்து வைக்கும் ரிட்டெய்னர் எல்லாம் போட்டோம். ஸ்பிரிங்கில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. அது பலவீனமாக இருந்தால் உயர் சுற்றில் வால்வு கேமைப் பின்தொடராமல் மிதக்கும். பிஸ்டன் வந்து அதில் மோதினால் ஹெட்டே போய்விடும். அப்புறம் ஈசியு மேப்பிங். நாக் (எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் எரிவதால் வரும் தட்டல் சத்தம்) வருகிறதா என்று கேட்டுக்கேட்டு, இக்னிஷன் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்த்தினார். அந்த நிதானம்தான் இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது.

இறுதி கிராஃபில் 97 குதிரைத்திறன், 7,200-இல். கட்-ஆஃபை 7,500-இல் வைத்தோம். பவர் உச்சிக்கு மேல் அந்த 300 சுற்று எதற்கு? கியர் மாற்றியதும் அடுத்த கியரில் சுற்று ரொம்பக் கீழே விழாமல் இருக்கத்தான். அதற்கு மேல் போக கிராஃபில் காரணமே இல்லை.

இன்னொன்று. கட்-ஆஃப் வேலை செய்வது ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும்தான். ஐந்தாவதிலிருந்து நான்காவதுக்குப் போக வேண்டிய லீவர் தவறி இரண்டாவதில் விழுந்தால், சக்கரமே இன்ஜினைச் சுழற்றிவிடும். எந்த ஈசியுவாலும் தடுக்க முடியாது. அதனால் தேய்ந்திருந்த கியர் லீவர் புஷ்களையும் இன்ஜின் மவுண்ட்களையும் அதே வேலையோடு சேர்த்து மாற்றிவிட்டோம்.