நடக்கப் போய் தகரம் அடித்த கதை

பீக்கோ ட்ரெயில் என்ற மலைநாட்டு நடைபாதையில் ஐந்து கட்டம் நடந்து, கால் முடியாமல் நடுவில் வீட்டுக்கு வந்துவிட்டேன். முதலில் என்னை ஏற்றி வந்த த்ரீவீல்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. வட்டகொடையிலிருந்து கொட்டகலைக்கு 4500 ரூபா கேட்டார். நான் நொண்டிக்கொண்டு வருவதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார், பிறகு எப்படி விலை இறங்கும்? கெஞ்சி 4000க்கு ஏறினேன். வழியில் எனக்கு அது மூன்று நாள் சாப்பாட்டுக் காசு.

இதில் பெரிய வயிற்றெரிச்சல், பீக்கோ ட்ரெயிலின் ஆறாம் கட்டமே வட்டகொடையில் தொடங்கி கொட்டகலையில்தான் முடிகிறது. எங்கள் வீடு கொட்டகலையிலிருந்து கொஞ்சம் உள்ளே. இன்னும் ஒரு நாள் கால் தாங்கியிருந்தால் சல்லிக்காசு செலவில்லாமல் நடந்தே வீடு வந்திருப்பேன்.

தெரியாதவர்களுக்கு: கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற நடைபாதை இது. 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கு மேல். புதிதாக வெட்டியதில்லை, வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலை ரோடுகளைக் கோர்த்திருக்கிறார்கள். கொழும்பில் லீவு கிடைத்ததே மே மாதத்தில்தான் என்பதால், மழை வரும் என்று தெரிந்தே கிளம்பினேன். முட்டாள்தனம்தான்.

ஐந்து கட்டத்தில் நான் ஆசையாக நின்ற இடம் லூல்கந்துர. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட தோட்டம். அவர் உட்கார்ந்து மலையைப் பார்த்ததாகச் சொல்லும் கல் ஆசனம் இருக்கிறது. நானும் உட்கார்ந்து பார்த்தேன், இடுப்புக்கு ஒத்துவரவில்லை. அதற்குப் பிறகு வந்த இறக்கங்கள்தான் என்னை முடித்தன. சப்பாத்துக்குள் விரல் முட்டி முட்டி இரண்டு பெருவிரல் நகமும் கறுத்துவிட்டன. அட்டைக் கடியைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. சப்பாத்து வாங்கும்போது அரை சைஸ் பெரிதாக வாங்குங்கள், சொல்லிவிட்டேன்.

அம்மா என் காலைப் பார்த்தார். "சம்பளம் இல்லாம யாராச்சும் மலை ஏறுவாங்களா? நாங்க கொழுந்து எடுக்க ஏறுனது பத்தாதா?" என்றார். அப்புறம் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) கூரை ஒழுகிச் சொட்டிக்கொண்டிருந்த வாளியைக் காட்டி, "சும்மாதானே இருக்க" என்றார்.

ஓய்வு அத்தோடு முடிந்தது.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஆறு காம்பரா (அறை), மேலே ஒரே நீளக் கூரை. தகரமெல்லாம் தாத்தா காலத்தது. ஆணியைச் சுற்றித் துருப்பிடித்துத்தான் ஓட்டை விழும், ஆனால் கூரை மேலே நின்றுகொண்டு அதைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு அம்மாவிடம் ஒரு வழி இருந்தது. மழை விட்ட காலையில் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு மேசை மேல் ஏறி, வெளிச்சம் தெரிந்த ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு ஈர்க்கைச் செருகினார். மேலே வெறுங்காலோடு இருந்த நான் ஈர்க்கு நீட்டிக்கொண்டிருந்த இடங்களை எண்ணினேன். 31!

சின்ன ஓட்டைகளுக்குத் தாரில் முக்கிய துணித்துண்டு போதும். ஆணி தளர்ந்த இடத்தில் புது ஆணி, அதற்கு வாஷராகப் பழைய றப்பர் செருப்பை வட்டம் வட்டமாக வெட்டிக்கொண்டேன். ஆணியை நெளியின் மேட்டில்தான் அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் ஓடுகிற தண்ணீரெல்லாம் அந்த ஆணியைத் தேடித்தான் வரும். முதல் நாள் நான்கு ஆணியைப் பள்ளத்தில் அடித்துவிட்டுத்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

அன்று இரவு நல்ல மழை. எங்கள் வாளியில் ஒரு சொட்டு இல்லை. விடிந்ததும் பக்கத்துக் காம்பரா அக்கா வந்து நின்றார். "தம்பி, ஒங்க வீட்டுத் தண்ணிய எங்க பக்கம் திருப்பி விட்டுட்டீங்களா?"

திருப்பி விட்டேனா இல்லையா என்று இன்றுவரை எனக்கே தெரியாது. எப்படியோ, அடுத்த இரண்டு நாள் காலைப் பொழுதும் அக்கா வீட்டுக் கூரையிலும், அதற்கு அடுத்த வீட்டுக் கூரையிலும் போனது. கூலி தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும். அடுப்பிலிருந்து நேராகக் கைக்கு வந்த ரொட்டி, ஓரம் கருகி, நடுவில் மெத்தென்று. சம்பலில் மிளகாய் காது வரை ஏறியது. பிளேன்டீயைக் குடித்துக் குடித்து ஆறு ரொட்டி சாப்பிட்டேன். ஐந்து நாள் வழியில் காசு கொடுத்துச் சாப்பிட்ட எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது.

ஆனால் பட்ஜெட் கிழிந்துவிட்டது. தார், ஆணி, ஒரு புதுத் தகரம் எல்லாம் 6800 ரூபா. த்ரீவீலையும் சேர்த்தால் 10,800. ஓய்வெடுக்கிறேன் என்று சொல்லி நடந்ததை விட அதிகம் செலவழித்த ஆள் நானாகத்தான் இருப்பேன். இனி ஹோம்ஸ்டேயில் கறி கேட்கக் கூடாது.

ஐந்து கட்டத்துக்கும் தங்குமிட விபரம் தருவதாகச் சொல்லியிருந்தேன், அது அடுத்த பதிவில், சத்தியமாக.

நகம் இன்னும் விழவில்லை. நாளை காலை தலவாக்கலைக்கு பஸ், அங்கிருந்து வட்டகொடைக்கு இன்னொரு பஸ். பிறகு நடந்து பின்னேரம் இதே வீட்டுக்குத்தான் வந்து சேருவேன். வரும்போது அரைக் கிலோ ஆணி வாங்கி வரச் சொல்லியிருக்கிறார் அம்மா. கோழிக்கூட்டுக்காம்.