ஒறிஜினல் சோமசெட்டா, எங்கே காட்டுங்கள் பார்ப்போம்

நான் படித்த பள்ளிக்கூடத்தில் பெடியள் ஒரு கார்க் கழகம் வைத்திருக்கிறார்கள். 2013 இல் ஏஎல்லுக்கு, அதாவது உயர்தர வகுப்புக்கு, தொழில்நுட்பப் பிரிவு வந்த பிறகு வேர்க்‌ஷொப் பக்கம் கொஞ்சம் ஆள் நடமாட்டம் கூடியது, அதன் தொடர்ச்சிதான் இது. சனிக்கிழமைகளில் நானும் போய் ஸ்பனர் எடுத்துக் கொடுப்பேன். இப்போது அவர்கள் கழட்டிப் போட்டிருப்பது ஒஸ்ரின் ஏ40 சோமசெட், 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தில் செய்த வகை. ஒரு பழைய மாணவரின் வீட்டுக் கொட்டிலில் நின்றது. அவர் சந்தோசமாகத் தந்துவிட்டார், பின் சீற்றில் அடை கிடந்த கோழிக்குத்தான் கோபம்.

விசயம் என்னவென்றால், பெடியள் இதை அப்படியே பழையபடி ஆக்கப் போவதில்லை. தங்களுக்குப் பிடித்த மாதிரி மாற்றப் போகிறார்கள். அது காதில் விழுந்ததும் ஊரில் பழைய கார் பிரியர்கள் சிலர் "ஒறிஜினலைக் கெடுக்கிறீங்கள்" என்று தொடங்கிவிட்டார்கள். சரி, எந்த ஒறிஜினல்?

யாழ்ப்பாணம், 1990க்குப் பிறகு போர்க்காலப் பெற்றோல் தடையிலே கிடந்த ஊர் இது. இந்த 1200 சிசி எஞ்சினில் அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் எரிபொருள் கலவையை நெருக்கும் அளவு, குறைவு, அதனால்தான் மண்ணெண்ணெயையும் சகித்துக்கொண்டு ஓடியது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, ஆகவே பொன் போல வைத்திருந்த கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். எரியாமல் மிஞ்சுவது பிஸ்ரன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். பின்னால் வருகிறவனுக்குப் புகை. அந்தக் கார்களில்தான் நோயாளிகளும் பொம்பிளை மாப்பிள்ளைகளும் போனார்கள். பிறகு ஜப்பான் டீசல் எஞ்சின் ஏற்றிக்கொண்ட கார்களும் உண்டு. தேவைக்கு மாற்றினால் திறமை, பெடியள் ஆசைக்கு மாற்றினால் அழிவு என்றால் எனக்கு அது விளங்கவில்லை.

எங்கள் காரைப் பார்க்க வந்த கராச் ஐயா ஒருவர், "தம்பி, மண்ணெண்ணெய் குடிச்ச எஞ்சின் பொய் சொல்லாது, ஹெட்டைக் கழட்டிப் பார்" என்றார். கழட்டினோம். பிஸ்ரன் தலையில் கரி தடித்துப் போயிருந்தது. மட்காட்டை உரசினால், பள்ளம் நிரப்பப் பூசிய பட்டிக்குக் கீழே பீப்பாத் தகரம் வைத்து ஒட்டிய இடம் தெரிகிறது, யாரோ நல்ல ரிங்கர், தகர வேலைக்காரன். அதை வெட்டி எறியாமல் விடுவதென்று பிள்ளைகளே முடிவெடுத்தார்கள், எனக்குப் பிடித்த முடிவு அது.

மின்சார வேலை முழுக்க ஒரு பிள்ளை பார்க்கிறாள், கழகத்தில் அவளைப் போல வயரைத் தெரிந்த பெடியன் இல்லை. இந்தக் காரில் பற்றறியின் பொசிற்றிவ் முனைதான் பொடியில், அதாவது காரின் இரும்பு உடம்பில், பூட்டியிருக்கும். இன்றைய எல்ஈடி லைற்றும் பாட்டுப் பெட்டியும் நெகற்றிவ் முனை பொடியில் இருப்பதற்காகச் செய்தவை, அப்படியே பூட்டினால் கருகிவிடும். ஆகவே பற்றறியைத் திருப்பி, பிளக்குக்குப் பொறி கொடுக்கும் கொயிலின் வயர் இரண்டையும் இடம் மாற்றி, பற்றறிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவின் காந்த முனைகள் மாறுவதற்காக அதன் பீல்ட் முனையில் பற்றறி வயரை ஒரு கணம் தொட்டெடுத்தாள். பொறி பறந்தது, சுற்றி நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள், அவள் போகவில்லை.

ஸ்பிறிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்தும் யோசனையை மட்டும் நான் எதிர்த்தேன். எங்கள் ஒழுங்கைகளில் மழைக்குப் பிறகு என்ன கிடங்கு இருக்குமென்று அவர்களுக்கே தெரியும். பிரேக் நாலு சில்லுக்கும் ஹைட்ரோலிக்தான், றப்பர் எல்லாவற்றையும் மாற்றுகிறோம், அதில் மிச்சம் பிடிக்கிற பேச்சே இல்லை. இங்கே ஸ்ரான்லி வீதிக் கடைகளில் கிடைக்காத சாமானைக் கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேட ஆள் போகிறது. எஞ்சின் அதேதான் இருக்கப்போகிறது, நிறம் மட்டும் கடும் நீலம். நிறம் மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும், அந்த அலைச்சல் என் தலையில்.

எல்லாம் பூட்டி முடிந்தால் முதல் ஓட்டம் மரம் மதில் இல்லாத வல்லை வெளியில். காற்று பக்கவாட்டில் அடிக்கும், ஸ்ரேறிங் ஆட்டம் இருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று. இந்தக் காரில் திரும்பும்போது கதவுக்குப் பக்கத்திலிருந்து வெளியே எழும்பும் சின்னக் கை ஒன்று உண்டு, சிக்னல் லைற் வருவதற்கு முந்தைய சாமான். எங்களிடம் வலப் பக்கத்துக் கை மட்டும்தான் இருக்கிறது. யாருடைய வீட்டுப் பரணிலாவது இடப் பக்கத்துக் கை கிடந்தால் சொல்லுங்கள், உடைந்திருந்தாலும் பரவாயில்லை, விலை பேசுவோம்.