குவிமாடம் இல்லாத சிஷோம்

போன ஆகஸ்டில், சென்னை தினத்தையொட்டி நடந்த மரபு நடை ஒன்றுக்குச் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போனதில் ஆரம்பித்தது இது. காலை ஆறரை மணி, மெரினா, முப்பது நாற்பது பேர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் எதிரில் நின்று ஒரு பெண் அழகாகக் கதை சொன்னார். ராபர்ட் சிஷோம் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வங்காளத்தில் பொதுப்பணித் துறையில் இருந்தவர், மாநிலக் கல்லூரிக்கும் செனட் ஹவுஸுக்கும் 1864-ல் வைத்த வரைபடப் போட்டியில் ஜெயித்தவர், அப்படித்தான் சென்னைக்கு வந்தார் என்று அவர் சொன்னபோது, அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த சித்தப்பா நிமிர்ந்தார்.

"அட, நம்ம டிபார்ட்மென்ட் ஆளு!"

சித்தப்பா கோவையில் பொதுப்பணித் துறையில் ஓவர்சியராகச் சேர்ந்து, உதவிப் பொறியாளராக ஓய்வு பெற்றவர். அன்றிலிருந்து சிஷோம் அவருக்கு எங்கோ ஒரு டிவிஷனில் மூத்த அதிகாரியாக இருந்தவர் மாதிரி. நடை முடியும்போது அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னார்: ஊட்டியில் நீலகிரி நூலகமும் லவ்டேல் லாரன்ஸ் பள்ளியின் கட்டடமும் இவர் வரைந்தவைதாம். சித்தப்பாவுக்கு அது தாங்கவில்லை. "ரெண்டு வருசம் ஊட்டியில போஸ்டிங்ல இருந்தேன் கண்ணு. தினமும் அந்த லைப்ரரியைத் தாண்டித்தான் ஆபீஸ் போவேன். ஒருத்தரும் சொல்லலியே!"

சரி என்று நவம்பரில் கிளம்பினோம். இ-பாஸ் எடுத்து, மேட்டுப்பாளையம் தாண்டி, பர்லியாறில் டீ குடித்து, மூன்று மணிக்கு ஊட்டி. ஊர் முழுக்க ஈரம். நாங்கள் போன நாட்களில் சிஷோமுக்கென்று அங்கே யாரும் நடை நடத்தவில்லை. நாங்களே நடத்திக்கொண்டோம். ஆள் இரண்டு, வழிகாட்டி சித்தப்பா. சேரிங் கிராஸில் ஆட்டோ பிடித்ததும் அவர் ஓட்டுநரிடம் கேட்ட முதல் கேள்வி: "சிஷோம் கட்டின பில்டிங் எல்லாம் தெரியுமா தம்பி?" ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அது புதுசா வந்த ரிசார்ட்டுங்களா ஐயா?" என்றார்.

பெயரிலும் குழப்பம் உண்டு. தமிழில் சிசோல்ம், சிஷோல்ம் என்று எழுதுகிறார்கள். ஆங்கிலேயர் வாயில் அது ‘சிஸம்’ என்று சுருங்கிவிடும். நான் நடுவில் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்.

நீலகிரி நூலகம் 1859-ல் தொடங்கியது. இப்போதுள்ள கட்டடத்தை 1867-ல் கட்ட ஆரம்பித்தார்கள். சிஷோம் 1840-ல் பிறந்தவர். அதாவது இதை வரைந்தபோது முப்பதைத் தொடவில்லை. சென்னையில் நாம் பார்க்கிற சிஷோமுக்குக் குவிமாடம், மூலைக்கு ஒரு கோபுரம், வண்ணக் கண்ணாடி எல்லாம் உண்டு. செனட் ஹவுஸ் 1874-க்கும் 1879-க்கும் நடுவே எழுந்தது. இங்கே அதெல்லாம் எதுவும் இல்லை. செங்காவி நிறச் சுவர், செங்குத்தான கூரை, முகட்டுச் சுவரில் கூர்வளைவோடு உயர்ந்து நிற்கும் பெரிய ஜன்னல். சட்டென்று பார்த்தால் தேவாலயம் என்றே நினைப்பீர்கள். இங்கிலாந்தில் அப்போது எல்லோரும் கட்டிக்கொண்டிருந்த கோதிக் பாணி. சென்னையில் அரசின் ஆலோசனைக் கட்டடக் கலைஞராக ஆகி, கவர்னர் நேப்பியர் பிரபுவின் ஊக்கத்தில் மதுரைக்குப் போய்த் திருமலை நாயக்கர் மகாலைச் செப்பனிட்ட பிறகுதான் இந்த மண்ணின் தூணும் வளைவும் அவர் கைக்குள் வருகின்றன. ஊட்டியில் இருப்பது அதற்கு முந்தைய ஆள். மதுரையைப் பார்க்காத சிஷோம்.

நூலகம் உறுப்பினர்களுக்கானது. சித்தப்பாவின் பழைய நண்பர் ஒருவர் உறுப்பினர், அவருடைய விருந்தினராகத்தான் உள்ளே போனோம். வாசிப்புக் கூடத்தின் உயரம்தான் முதலில் ஆளை அடிக்கிறது. வெளியே மேகம் இறங்கி, மதியம் மூன்றரைக்கே விளக்குப் போடுகிற வெளிச்சம். ஆனால் அந்த ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர் விளக்கில்லாமல் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தார். மின்சாரம் வராத காலத்தில் வரைந்த ஜன்னல். வாசிக்கிறவன் கண்ணை நினைத்து வரைந்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. நான் அலமாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை. அண்ணாந்தே இருந்தார். பிறகு சுவரோரமாய்ப் போய், ஓதம் ஏறியிருக்கிறதா என்று புறங்கையால் தடவிப் பார்த்தார். முப்பது வருடப் பழக்கம், விடுமா?

வெளியே வந்ததும் அவருடைய தீர்ப்பு: "கூரைச் சரிவைப் பாத்தியா? தண்ணி நிக்க இடமே குடுக்கல. இங்க குவிமாடம் வச்சிருந்தா ரெண்டு மழைக்காலத்துல ஒழுக ஆரம்பிச்சிருக்கும்." நான் உடனே ஒத்துக்கொள்ளவில்லை, கோதிக் என்றாலே கூரை அப்படித்தானே. ஆனால் பிறகு திருவனந்தபுரம் நேப்பியர் மியூசியம் ஞாபகம் வந்தது. அதுவும் சிஷோம்தான், 1880. அங்கேயும் தலையில் குவிமாடம் கிடையாது, கேரளத்துப் பாணியில் சரிந்து இறங்கும் ஓட்டுக் கூரைகள். மழை ஊரில் எப்படித் தலையை மூடுவது என்பதை மனிதர் ஊட்டியில்தான் கற்றாரோ என்னவோ. இது முழுக்க என் ஊகம், சித்தப்பா மட்டும் இதை நிரூபிக்கப்பட்ட உண்மையாக இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பக்கத்திலேயே ஸ்டீபன் தேவாலயம். சிஷோமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கேப்டன் அண்டர்வுட் வரைந்தது, 1831-ல் வழிபாட்டுக்குத் திறந்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்து எடுத்துவந்த உத்திரங்கள் உள்ளே இருக்கின்றன. சித்தப்பா அவற்றை ஒரு பத்து நிமிடம் பார்த்தார். "மரத்தை எப்படி மலையேத்தினாங்கன்னு யாராவது எழுதி வச்சிருந்தா அதைப் படிக்கலாம்" என்றார்.

மறுநாள் கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கு. 1819-ல் கோவை கலெக்டர் ஜான் சலிவன் கட்டிய பங்களாவைப் புதுப்பித்து நினைவகமாக வைத்திருக்கிறார்கள், பழைய படங்களும் மலையின் வரலாறும் சுவரெங்கும். சலிவனுக்கு அப்படி ஒரு வீடு வாய்த்தது. சிஷோமுக்கு வேறு ஊர்களில் வாய்த்திருக்கிறது: பரோடாவில் லட்சுமி விலாஸ் அரண்மனை, சார்லஸ் மாண்ட் தொடங்கி அவர் இறந்தபின் இவர் முடித்தது. டிக்கெட் வாங்கினால் காதில் மாட்டிக்கொள்ளும் கருவியில் அறை அறையாகக் கதை கேட்கலாம். லண்டனில் அவர் கடைசிக் காலத்தில் கட்டிய தேவாலயம் இன்று கடோகன் ஹால் என்ற இசையரங்கம். ஊட்டியில் அவர் கட்டியவை இரண்டும் இன்னும் எதற்காகக் கட்டினாரோ அதே வேலையைப் பார்க்கின்றன. ஒன்றில் வாசிக்கிறார்கள், இன்னொன்றில் படிக்கிறார்கள். டிக்கெட் கவுன்டருக்கு இடமில்லை. எனக்கென்னவோ இதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் வாசலில் ஒரு பெயர்ப் பலகைக்கு என்ன செலவாகிவிடும் என்றும் தோன்றாமல் இல்லை.

மூன்றாம் நாள் லவ்டேல். 1857-ல் லக்னோவில் இறந்த பிரிட்டிஷ் அதிகாரி ஹென்றி லாரன்ஸ், பிரிட்டிஷ் படைவீரர்களின் பிள்ளைகளுக்காக மலைகளில் விடுதிப் பள்ளிகள் வேண்டும் என்று ஆசைப்பட்டவர். அவர் பெயரில் 1858-ல் ஊட்டியில் தொடங்கி, பிறகு லவ்டேலுக்கு இடம் மாறிய பள்ளி இது. பிள்ளைகள் படிக்கிற இடத்தில் போய் வேடிக்கை பார்க்க அனுமதி கேட்பது சரியில்லை என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம். சாலையிலிருந்து கோபுரம் தெரிந்தால் போதும். இத்தாலிய ஊர்களில் தேவாலயத்தை ஒட்டி நிற்குமே ஒல்லியான மணிக்கூண்டு, அந்த ஜாதி.

தெரியவில்லை. மேகம் அடைத்துக்கொண்டு பத்தடிக்கு அப்பால் யூகலிப்டஸ் மரமே தெரியவில்லை. சாலையோர டீக்கடையில் ஒதுங்கினோம். ஒரு டீ, ஒரு வர்க்கி. இன்னொரு டீ. சித்தப்பா மூன்றாவது வர்க்கிக்குப் போனபோது, கடைக்கார அம்மா எதற்காக நிற்கிறோம் என்று கேட்டார். சொன்னேன். "டவர் பார்க்கவா? இருங்க, வரும். டவர் தெரிஞ்சா நாங்க துணி காயப் போடுவோம்" என்றார். அவருக்கு அது கோதிக்கும் இல்லை, இத்தாலியும் இல்லை. மழை விட்டதா இல்லையா என்று சொல்கிற பொருள். அந்த மூன்று நாளில் நான் கேட்ட கட்டட விமர்சனங்களில் இதுதான் ஆகச் சிறந்தது.

நாற்பது நிமிடம் கழித்து வந்தது. முதலில் உச்சி மட்டும், ஒட்டிவைத்த மாதிரி ஆகாயத்தில் தனியாக. அப்புறம் மெல்ல மெல்லக் கீழே உடம்பு. பச்சைச் சரிவுக்கு நடுவே ஒரே ஒரு நெட்டுக்குத்துக் கோடு. சித்தப்பா கையில் வர்க்கியோடு எழுந்து நின்றார். அடித்தளத்துக்கு எவ்வளவு தோண்டியிருப்பார்கள் என்று ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார், நான் குறுக்கிடவில்லை. ஐந்து நிமிடம் இருக்கும். மறுபடி மூடிக்கொண்டது. கடைக்கார அம்மா கொடியில் போட்ட இரண்டு துண்டுகளை முணுமுணுத்தபடி எடுத்துவந்தார்.

திரும்பும்போது ஊட்டியிலிருந்து குன்னூர் வரை மலை ரயில். அந்தப் பாதை ஊட்டி வரை வந்தது 1908-ல், சிஷோம் ஊட்டிக்கு வரைந்து நாற்பது வருடம் கழித்து. அவர் காலத்தில் எல்லாமே மாட்டு வண்டியும் ஆள் தோளும்தான். ஊட்டியை விட்டால் முதல் நிறுத்தமே லவ்டேல். வண்டி மெதுவாகும்போதே சித்தப்பா எழுந்து ஜன்னல் ஜன்னலாக மாறிப் பார்த்தார். எதிரில் திருப்பூர்க் குடும்பம் ஒன்று. "என்னங்க ஐயா தேடறீங்க?" என்று அந்த வீட்டுக்காரர் கேட்டதுதான் தாமதம், தொடங்கிவிட்டார். வங்காளம், போட்டி, நூலக ஜன்னல், கூரைச் சரிவு, திருவனந்தபுரம், நடுவில் என் ஊகமும் அவர் ஆராய்ச்சியாக. பெட்டியில் பாதிப் பேர் திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள். மெரினாவில் அந்தப் பெண் பேசியதைவிட நன்றாகவே பேசினார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜன்னலோரப் பையன், ஆறேழு வயதிருக்கும், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தாத்தா, அந்த இன்ஜினீயர் இப்ப எங்க இருக்காரு?" என்றான்.

சித்தப்பா ஒரு நொடி யோசித்தார். "ரிட்டயர்ட் ஆயிட்டாரு கண்ணு."