எஸ்கார்ட் பின் ஆக்சிலைக் கிட் காரில் மாட்டும்போது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் லோட்டஸ் செவன் (சிறிய திறந்த ஸ்போர்ட்ஸ் கார்) பாணிக் கிட் காரை, அதாவது பாகங்களை வாங்கி நாமே பூட்டும் காரை, கட்டுபவர்களுக்கு என் முதல் பரிந்துரை பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டின் பின் ஆக்சில்தான். டிஃப் (டிஃபரன்ஷியல், ஆக்சில் நடுவில் இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் கியர் தொகுதி) முழுவதும் முன்பக்கமாகக் கழன்று வரும் வகையைப் பார்த்து வாங்குங்கள். பின்னால் மூடி போட்ட வகையில் ரேஷியோ (கியர் விகிதம்) மாற்றுவது பெரிய வேலை.

ஸ்க்ராப்யார்டிலேயே ரேஷியோவைப் பார்த்துவிடலாம். ஒரு பக்க ஃபிளாஞ்சை (சக்கரம் மாட்டும் தட்டு) அசையாமல் பிடித்து, மறுபக்கத்தை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பினியன் (டிஃப்பின் முன்னால் நீட்டி நிற்கும் அச்சு) எத்தனை சுற்று வருகிறதோ அதுதான் ரேஷியோ. 185/60 ஆர்13 டயரும் நேர் (1:1) டாப் கியரும் இருந்தால், என்3 நெடுஞ்சாலையில் 120 கி.மீ. வேகத்தில் 3.54 டிஃப்புக்கு இன்ஜின் சுமார் 4,080 ஆர்.பி.எம். ஓடும், 4.1-க்கு 4,730. சாலை ஓட்டத்துக்கு 3.54 போதும். ஃபிளாஞ்சுக்கு ஃபிளாஞ்சு அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் டயர் மட்கார்டில் உரசும். கடற்காற்றில் குழாயின் மேல் பிடித்த துரு பரவாயில்லை. பேரிங் உட்காரும் இடத்தில் குழி விழுந்திருந்தால் அந்த ஆக்சில் வேண்டாம்.

ஹாஃப் ஷாஃப்ட் (டிஃப்பிலிருந்து சக்கரத்துக்குப் போகும் அச்சு) பேரிங் மாற்றும்போது, அதைப் பிடித்திருக்கும் வளையத்தையும் புதிதாகவே போடுங்கள். ஷாஃப்டை வெளியே நழுவவிடாமல் பிடிப்பது அந்த இறுக்கம் ஒன்றுதான். பழைய வளையத்தை மறுபடி அடித்து ஏற்றினால் ஒருநாள் சக்கரம் ஷாஃப்டோடு வெளியே வரும்.

மாட்டுவது அரைநாள் வேலை. நேரம் பிடிப்பது ஆக்சிலை நேர்படுத்துவதில்தான். லிங்க் (ஆக்சிலைச் சேஸிஸோடு இணைக்கும் கம்பி) போல்ட்டுகளை முதலில் கையிறுக்கத்தில் விட்டு, காரைச் சமதரையில் நான்கு சக்கரத்திலும் இறக்குங்கள். ஓட்டுநர் சீட்டில் அவர் எடைக்கு மணல் மூட்டை வையுங்கள். எல்லா அளவும் இந்த நிலையில்தான். கார் ஸ்டாண்டில் தொங்கும்போது லிங்க் முனையிலுள்ள ரப்பர் புஷ்ஷை இறுக்கினால், கீழே இறங்கியதும் அது முறுகியே நிற்கும். சில மாதங்களில் கிழியும்.

சேஸிஸின் இரு பக்கமும் ஒத்த புள்ளிகளிலிருந்து ஆக்சில் முனைகளுக்குக் குறுக்காக அளந்தால் வித்தியாசம் 1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். பிறகு பினியன் கோணம். கியர்பாக்ஸ் வெளியச்சு பின்னோக்கி 3 டிகிரி தாழ்ந்திருந்தால், பினியன் அச்சும் அதற்கு இணையாக நிற்க வேண்டும். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது பினியன் மூக்கு மேலே எழும்பப் பார்க்கும். ஆகவே ரப்பர் புஷ் உள்ள காரில் 1 டிகிரி தாழ்த்தி வைப்பது நல்லது. பிராப் ஷாஃப்டின் (கியர்பாக்ஸிலிருந்து டிஃப்புக்குப் போகும் அச்சு) இரு முனைக் கவைகளும் ஒரே வரிசையில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். வரிசை தப்பினால் வேகத்தில் காரின் தரை அதிரும். எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் போகாது.

பான்ஹார்ட் ராடு (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் சேஸிஸோடு பிடிக்கும் கம்பி) கிடைமட்டமாக நிற்பது முக்கியம். 900 மி.மீ. ராடு மட்டமாக இருந்தால், சஸ்பென்ஷன் 50 மி.மீ. நகரும்போது ஆக்சில் பக்கவாட்டில் சுமார் 1.4 மி.மீ.தான் நகரும். ஒரு முனை 40 மி.மீ. உயர்ந்திருந்தால், அதே நகர்வு ஒரு திசையில் 3.6 மி.மீ. ஆகிவிடும். குழியில் விழும்போதெல்லாம் காரின் பின்பக்கம் ஒதுங்குவது இதனால்தான்.

இவை சரியான பிறகே போல்ட்டுகளை முழுதாக இறுக்குங்கள், 8.8 தர எம்12 போல்ட்டுக்குச் சுமார் 80 நியூட்டன் மீட்டர். பினியன் நட்டை மட்டும் தொடாதீர்கள். உள்ளே நசுங்கும் ஸ்பேசர் உள்ள டிஃப்பில், அது ஒருமுறை அதிகமாக நசுங்கினால் புதிதுதான் போட வேண்டும்.

ஆயில் 80டபிள்யூ-90, ஜிஎல்-5 தரம், ஒரு லிட்டருக்குச் சற்று மேல். நிரப்பும் துளையின் விளிம்பு வரை ஊற்றுங்கள். ப்ரெதரை (ஆக்சிலின் காற்றுத்துளை) ஊதிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் சூட்டில் அழுத்தம் ஏறி, ஆயில் சீலை (கசிவைத் தடுக்கும் வளையம்) தாண்டிப் பிரேக் ஷூவில் வழியும். சீலை மாற்றி மாற்றிச் சலிப்பவர்கள் பலர் இதைப் பார்ப்பதில்லை. பிரேக் ஹோஸ், ஆக்சில் முழுதாகத் தொங்கும்போதும் இழுபடக் கூடாது.

சோதனைக்கு டர்பன் அருகிலுள்ள பைன்டவுனிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் ஏறுங்கள். மிதிக்கும்போதோ, காலை எடுக்கும்போதோ மட்டும் ஊளையிட்டால் கிரவுன் வீல் (பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரம்), பினியன் பொருத்தத்தில் கோளாறு. வளைவில் ஒரு பக்கம் சாயும்போது உறுமல் மாறினால் சக்கர பேரிங். 100 கி.மீ. ஓடியதும் எல்லா லிங்க் போல்ட்டையும், காரைத் தரையில் நிறுத்தியே, மறுபடி இறுக்கிப் பாருங்கள்.